பொறி கேளாத ஒழுங்கு: லினக்ஸ் நிரலின் எழுத்துநெறி வரலாறு

ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலவே, அம்மொழியை எழுதிக் காட்டுவதற்கும் ஒரு நெறி உண்டு. இலக்கணம் பிழைத்தால் பொருள் கெடும். எழுதும் நெறி பிழைத்தால் பொருள் கெடுவதில்லை. ஆனால் படிப்பவர் இடர்ப்படுவர். பத்தி பிரிக்காமலும் ஓரம் விடாமலும் எழுதப்பட்ட கட்டுரை ஏடுகளைத் திருத்தியுள்ள ஆசிரியர்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

கணினிக்காக எழுதப்படும் நிரல்களிலும் இவ்விரண்டும் உள. நிரலின் இலக்கணம் ஓர் எழுத்தளவு பிழைத்தாலும் கணினி அதனை ஏற்க மறுத்துவிடும். ஆனால் வரியை எங்கே முறிப்பது, எத்தனை இடம் உள்தள்ளுவது, பெயர்களை எவ்வாறு இடுவது என்பவற்றைக் கணினி பொருட்படுத்துவதே இல்லை. பொறி கேளாத இவ்வொழுங்கைக் குறித்து நிரலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர், விதிகள் வகுத்துள்ளனர், அவ்விதிகளைக் காக்கத் தனிக் கருவிகளும் செய்துள்ளனர். பொறிக்கு வேண்டாததை மனிதர் இத்துணை வருந்திக் காப்பது ஏன்? லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாற்றில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கின்றது.

சி மொழி தந்த உரிமை

லினக்ஸின் உட்கரு பெரும்பாலும் சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1970களின் தொடக்கத்தில் இம்மொழியை உருவாக்கினார். 1973ஆம் ஆண்டில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் உட்கரு இம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1978ஆம் ஆண்டில் பிரயன் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய நூல் சி மொழியை உலகெங்கும் பரப்பியது.

சி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியால் முடியும். பல கட்டளைகளை ஒரு தொகுதியாக்க நெளி அடைப்புக்குறிகள் பயன்படும். இக்குறிகளைக் கொண்டே கணினி நிரலின் அமைப்பை அறிந்துகொள்கிறது. சொற்களுக்கிடையே ஓர் இடம் விட்டாலும் ஒன்பது இடம் விட்டாலும் அதற்கு ஒன்றே. சிலவகை வரிகள் நீங்கலாக, நீண்டதொரு நிரல் முழுவதையும் ஒரே வரியில் எழுதினாலும் அது குறைகூறாது. ஆதலின் அடைப்புக்குறியை எங்கே இடுவது என்பது எழுதுவோரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. கெர்னிகனும் ரிச்சியும் தம் நூலில் ஒரு முறையைக் கையாண்டனர். எனினும் அதுவே சிறந்ததென வற்புறுத்தவில்லை. ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்து அதனையே மாறாது பின்பற்றுக என்பதே அவர்கள் கூறிய அறிவுரை.

மூன்று மரபுகள்

உரிமை இருக்குமிடத்தில் மரபுகள் பல கிளைப்பது இயல்பு. சி மொழியிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

முதலாவது, கெர்னிகனும் ரிச்சியும் கையாண்ட மரபு. செயற்கூறு எனப்படும் பெரும்பகுதி தொடங்கும்போது திறப்புக்குறி தனிவரியில் நிற்கும். அதனுள்ளே வரும் நிபந்தனைகளுக்கும் சுழல்களுக்கும் உரிய திறப்புக்குறி அவ்வவ்வரியின் இறுதியிலேயே நிற்கும்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்தது. அங்கே யூனிக்ஸின் மற்றொரு கிளையாகிய பி.எஸ்.டி. உருவாயிற்று. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் ‘சென்ட்மெயில்’ நிரலை எழுதிய எரிக் ஆல்மன் எல்லாத் திறப்புக்குறிகளையும் தனிவரியில் இட்டார்; அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பி.எஸ்.டி. உட்கருவை எழுதியோர் கெர்னிகன், ரிச்சி மரபை ஒட்டித் தமக்கெனத் தனி நெறி ஒன்று வகுத்துக்கொண்டனர்.

மூன்றாவது, குனு இயக்கத்தின் மரபு. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வியக்கத்தை அறிவித்தார். அவர் வகுத்த நெறியில் உள்தள்ளல் இரண்டு இடமே. செயற்கூறின் பெயர் வரியின் முதலிடத்திலேயே தொடங்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. செயற்கூறு வரையறுக்கப்படும் இடத்தைத் தேடுவோர், வரியின் தொடக்கத்தில் அப்பெயர் நிற்கும் இடத்தை மட்டும் நாடினால் போதும் என்பதே அதற்குக் காரணம்.

இம்மூன்றையும் ஒப்புநோக்கும்போது ஓருண்மை புலனாகும். ஒவ்வொரு மரபும் படிப்பவரை மனத்திற்கொண்டே பிறந்தது. ஆனால் அந்தப் படிப்பவர் எப்படிப்பட்டவர், எந்தக் கருவியைக் கொண்டு படிக்கிறார் என்பதில் அவை வேறுபட்டன.

ஹெல்சிங்கியில் ஒரு மாணவர்

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதை அறிவித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சி அது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த முதற்பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. 1994ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது அவை ஏறக்குறைய 1,76,000 ஆகிவிட்டன. 2020ஆம் ஆண்டளவில் இரண்டு கோடியே எழுபது இலட்சத்தையும் கடந்துவிட்டன.

வரிகள் பெருகியது போலவே எழுதுவோரும் பெருகினர். ஒருவரையொருவர் நேரில் காணாத பல்லாயிரவர் பல நாடுகளிலிருந்து எழுதியனுப்பினர். பத்தாயிரம் வரிகள் உள்ள நிரலை எழுதியவரே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கான வரிகளை எவராலும் நினைவில் வைக்க இயலாது. அங்கே எழுதுவதினும் படிப்பதே பெரும்பணி ஆகிவிடுகிறது.

1990களின் இடைப்பகுதியில் டோர்வால்ட்ஸ் எழுத்துநெறி பற்றிச் சிறியதோர் ஏட்டை எழுதி உட்கருவின் ஆவணங்களோடு சேர்த்தார். எழுதும் பாங்கு அவரவர் விருப்பத்தைச் சார்ந்தது என்றும், தம் கருத்தைப் பிறர்மீது திணிக்க விரும்பவில்லை என்றும் கூறியே அவர் அதனைத் தொடங்குகிறார். ஆனால் தாம் பேணிக் காக்கவேண்டிய நிரல் எதுவாயினும் அது இந்நெறியில் அமையவேண்டும் என்கிறார். இவ்விடம் ஊன்றி நோக்கத்தக்கது. நிரலைத் தொடங்கியவர் என்ற உரிமையால் அவர் விதி வகுக்கவில்லை. எழுதியோர் போனபின்னும் இருந்து அதனைப் படித்துப் பழுது நீக்கவேண்டிய பொறுப்பால் வகுத்தார்.

அவ்வேட்டில் நகைச்சுவைக்கும் குறைவில்லை. குனு இயக்கத்தின் விதிகளை அச்சிட்டு, படிக்காமலே எரித்துவிடுக. அஃது ஒரு நல்ல அடையாளச் செயலாகும் என்று அவர் எழுதினார். மரபுப் பற்று எத்துணை வலியது என்பதை இது காட்டும்.

விதியும் காரணமும்

லினக்ஸ் நெறியின் சிறப்பு, பெரும்பாலான விதிகளுக்கு அது காரணமும் கூறுவதே. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

உள்தள்ளல் எட்டு இடம் இருக்கவேண்டும் என்பது முதல் விதி. இருபது மணி நேரம் இடைவிடாது திரையை நோக்கியிருந்தவர்க்கும் ஒரு தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எளிதில் தெரியவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எட்டு இடம் தள்ளினால் நிரல் விரைவில் வலப்புற ஓரத்தை எட்டிவிடுமே என்று சிலர் குறைகூறினர். அதற்கும் அவ்வேடு விடை தருகிறது: மூன்று நிலைக்கு மேல் உள்தள்ள நேர்ந்தால் குற்றம் விதியினுடையதன்று, நிரலின் அமைப்பினுடையது, அதனைத் திருத்துக. இவ்வாறு எழுதும் நெறி ஒன்றே சிந்தனை நெறியாகவும் பயன்படுகிறது. சிக்கலான எண்ணம் பக்கத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெயரிடுதலிலும் இத்தகைய தெளிவு உண்டு. நிரல் முழுவதற்கும் பொதுவான பெயர் தன் பொருளை விளக்கிக் கூறவேண்டும். ஒரு சிறு பகுதிக்குள்ளே பிறந்து அங்கேயே மறையும் பெயர் ஓரெழுத்தாகவும் இருக்கலாம். ஊரறிய வழங்கும் பெயர் முழுமையாக இருக்கவேண்டும். வீட்டுக்குள் வழங்கும் பெயர் சுருங்கியிருந்தால் இழுக்கில்லை.

குறிப்புரை எழுதுவதற்கும் விதி உண்டு. நிரல் என்ன செய்கிறது என்பதைக் கூறுக. எவ்வாறு செய்கிறது என்பதை விளக்க முற்படாதே. செயல்முறையை விளக்கவேண்டிய அளவுக்கு நிரல் சிக்கலாக இருந்தால், உரை எழுதுவதைவிட நிரலையே தெளிவாகத் திருத்தி எழுதுவது நன்று.

நீண்ட வரிகளை முறிக்கவேண்டும் என்னும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பயனாளருக்குத் திரையில் காட்டப்படும் செய்தியை மட்டும், அஃது எத்துணை நீளமாயினும், முறிக்கலாகாது. கணினி பழுதுற்று ஒரு செய்தியைக் காட்டும்போது, அதனைப் படித்தவர் அதே சொற்றொடரைக் கோடிக்கணக்கான வரிகளுக்கிடையே தேடுவார். தொடர் இரு வரிகளாக முறிந்திருந்தால் அவர் தேடல் வெறுங்கையோடு திரும்பும். காரணம் அறிந்து வகுத்த விதிக்கே விலக்கும் தெளிவாக அமையும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு வரி விளைத்த கேடு

இவையெல்லாம் அழகு பற்றியவை. உயிர்நாடியானவை அல்ல என்று ஒருவர் கருதலாம். 2014ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று அக்கருத்தை மறுக்கும். இது லினக்ஸில் நிகழ்ந்ததன்று. ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் இருந்த, சி மொழியில் எழுதப்பட்ட பாதுகாப்பு நிரலில் நிகழ்ந்தது. அந்நிரலின் மூலமும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டிருந்தது.

நாம் இணையத்தில் ஒரு தளத்தோடு மறைமொழியில் தொடர்பு கொள்ளும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையில் அத்தளமே என்பதைக் கையொப்பம் போன்ற ஒன்றால் சரிபார்க்கும் பகுதி அது. சோதனைகள் பல அடுத்தடுத்து நிகழும். ஒரு சோதனை தவறினால் இறுதிப்பகுதிக்குத் தாவுக என்று கட்டளையிடும் ‘கோ டூ’ என்னும் சொல் ஒவ்வொரு நிபந்தனையின் கீழும் உள்தள்ளி எழுதப்பட்டிருந்தது. ஒரே கட்டளை என்பதால் நெளி அடைப்புக்குறிகள் இடப்படவில்லை. ஓரிடத்தில் அவ்வரி இருமுறை வந்துவிட்டது. இரண்டாம் வரியும் முதல் வரியைப் போலவே உள்தள்ளியிருந்தது.

படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவையாகத் தோன்றின. ஆனால் கணினி உள்தள்ளலை நோக்குவதில்லை. அடைப்புக்குறி இல்லாமையால் முதல் வரியை மட்டுமே அது நிபந்தனையோடு சேர்த்தது. இரண்டாம் வரி எந்நிலையிலும் நிறைவேறியது. விளைவு என்ன? கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிச் சோதனைக்குச் செல்லாமலே நிரல் தாவியது. பிழை ஒன்றும் இல்லை என்ற விடையோடு முடிந்தது. இடையில் புகுந்த ஒருவர் மற்றொரு தளம்போல் நடித்து, பயனாளரின் செய்திகளைப் படிக்க வழி திறந்து கிடந்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21ஆம் நாள் கைப்பேசிகளுக்கும், சில நாட்களில் மேசைக் கணினிகளுக்கும் திருத்தம் வெளியிடப்பட்டது.

பொறி படித்த பொருளும் மனிதர் படித்த பொருளும் வேறுபட்டதே இக்கேட்டின் வேர். எழுத்துநெறியின் தலையாய பணி இவ்விரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதாகும்.

இதன்பின், ஒரே கட்டளையாயினும் அடைப்புக்குறி இடவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. லினக்ஸ் நெறியோ ஒற்றைக் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டாம் என்பதையே இன்றும் கைக்கொள்கிறது. திரையில் வரிகள் குறைவு. வீணே குறியிட்டால் ஒரே நோக்கில் காணக்கூடிய நிரல் சுருங்கிவிடும் என்பது அதன் காரணம். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு.

1968ஆம் ஆண்டிலேயே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் ‘கோ டூ’ கட்டளை தீங்கானது என்னும் கருத்தை வெளியிட்டிருந்தார். லினக்ஸ் நெறி, ஒரு செயற்கூறின் பல இடங்களிலிருந்து வெளியேறும்போது பொதுவான துப்புரவுப் பணியை ஓரிடத்தில் வைப்பதற்கு அக்கட்டளையை ஏற்கிறது. விதியை எழுத்தளவில் காப்பதைவிட அதன் நோக்கத்தைக் காப்பதே மேல் என்பதற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

2016ஆம் ஆண்டில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. சி மொழியைப் பொறிமொழியாக்கும் ஜி.சி.சி. என்னும் கம்பைலரின் ஆறாம் பதிப்பு, உள்தள்ளலும் உண்மை அமைப்பும் முரண்படும் இடத்தைக் கண்டு எச்சரிக்கக் கற்றுக்கொண்டது. வெற்றிடத்தைப் பொருட்படுத்தாத பொறிக்கு, மனிதர் பொருட்டு வெற்றிடத்தையும் பார்க்கக் கற்பித்தனர். எழுத்துநெறியின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்கதொரு திருப்பம்.

பழைய வரிகளைத் தொடலாமா?

நிற்க, நெறி ஒன்று வகுத்தபின் அதற்குமுன் எழுதியவற்றையெல்லாம் திருத்திவிடலாமே என்னும் எண்ணம் எழும். இதில்தான் வரலாறு குறுக்கிடுகிறது.

2005ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்னும் பதிவுக் கருவியை உருவாக்கினார். நிரலின் ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார், எப்போது, என்ன காரணம் காட்டி மாற்றினார் என்பதை அக்கருவியால் கண்டறியலாம். புரியாத வரி ஒன்றைக் காணும்போது அதனை எழுதியவர் அன்று கூறிய காரணமே சிறந்த உரையாகும். ஒருவர் அழகு கருதி ஆயிரம் வரிகளின் உள்தள்ளலை மாற்றினால், அவ்வாயிரம் வரிகளின் மீதும் அவர் பெயரே நிற்கும். முன்னோர் கூறிய காரணம் ஓரடுக்கு கீழே புதைந்துவிடும். ஆதலின் வெறும் ஒழுங்குக்காகப் பழைய நிரலைத் தொடுவதை உட்கருவைப் பேணுவோர் பொதுவாக விரும்புவதில்லை.

வேறுவழி கண்டோரும் உளர். பெர்க்லியில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய தரவுத்தள முயற்சி 1996ஆம் ஆண்டில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்றது. அதுவும் சி மொழியில் எழுதப்பட்டதே. அதன் நிரல் முழுவதையும் ஒரு கருவியால் அவ்வப்போது சீராக்கிவிடுவது அங்குள்ள வழக்கம். 2019ஆம் ஆண்டில் கிட் கருவியே ஒரு வசதியைத் தந்தது: ஒழுங்குக்காக மட்டும் செய்யப்பட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டு வைத்தால், வரியின் வரலாற்றைத் தேடும்போது அவற்றைத் தாண்டிச் செல்லும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் அத்தகைய பட்டியலை வைத்துக்கொண்டது.

புதியவர் பயில்வதற்கு லினக்ஸில் தனியிடமும் உண்டு. 2008ஆம் ஆண்டு முதல் ‘ஸ்டேஜிங்’ என்னும் பகுதியில், இன்னும் செம்மையுறாத நிரல்கள் வைக்கப்படுகின்றன. அங்கே எழுத்துநெறிப் பிழைகளைத் திருத்தித் தம் முதற்பணியைத் தொடங்கியோர் பலர். 2007ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ‘செக்பேட்ச்’ என்னும் கருவி நெறிப் பிழைகளைச் சுட்டிக்காட்டும். ஆயினும் அக்கருவி எப்போதும் சரியன்று என்றும், மனிதரின் தீர்ப்பே அதனினும் மேலானது என்றும் உட்கருவின் ஆவணமே கூறுகிறது.

எண்பது எழுத்தின் கதை

ஒரு வரியில் எண்பது எழுத்துக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதியின் வரலாறு இவை எல்லாவற்றிலும் சுவையானது. 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது நிரைகள் கொண்ட துளை அட்டையை வெளியிட்டது. தரவுகளும் பிற்காலத்தில் நிரல்களும் அவ்வட்டைகளில் துளையிடப்பட்டன. அட்டைகள் மறைந்து திரைகள் வந்தபின்னும் அவ்வளவு நிலைத்தது. 1978ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற விடி 100 திரை எண்பது எழுத்தும் இருபத்துநான்கு வரியும் காட்டியது. அத்திரைகளும் மறைந்தன, எண்பது மட்டும் மறையவில்லை.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் டோர்வால்ட்ஸ் இவ்வெல்லையின் கடுமையை எதிர்த்து எழுதினார். அகன்ற திரைகள் வந்துவிட்ட காலத்தில் எண்பதுக்காக வரிகளைத் துண்டாடுவது படிப்போருக்கு இடையூறே என்பது அவர் கருத்து. அதன்பின் செக்பேட்ச் கருவியின் எல்லை நூறாக உயர்ந்தது. ஆனால் எண்பதே விரும்பத்தக்க அளவு என்னும் கூற்று நெறியேட்டில் நிலைத்தது. கட்டளை தளர்ந்து அறிவுரையாயிற்று.

இங்கே ஒரு பாடம் உண்டு. பிறந்த காரணம் மறைந்தபின் விதி நிலைத்திருப்பது இருவகையால் ஆகலாம். ஒன்று, வேறொரு காரணம் அதனைத் தாங்குவது. மற்றொன்று, வெறும் பழக்கம். எண்பதிலே இரண்டும் கலந்திருந்தன. குறுகிய வரி கண்ணுக்கு எளிது என்பது மெய்யான காரணம். துளை அட்டையின் அகலம் பழக்கம். அவற்றைப் பிரித்தறிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, எழுத்துநெறி படிப்பவருக்காக உள்ளது. அந்தப் படிப்பவர், எழுதியவர் அறியாத ஒருவர்; பல ஆண்டுகள் கழித்து வரப்போகிறவர். இரண்டாவது, எந்த நெறி என்பதைவிட ஒரே நெறியாக இருப்பதே முதன்மை. எட்டு இடத்தாலும் இரண்டு இடத்தாலும் பெருநிரல்கள் வளர்ந்துள்ளன; எட்டும் இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்தால் கண் ஏமாறும். மூன்றாவது, காரணத்தோடு கூறப்பட்ட விதியே காலத்திற்கேற்பத் திருந்தும். காரணமின்றி வந்த விதியைக் கீழ்ப்படிந்து நடக்கலாம், அல்லது மீறலாம்; திருத்த மட்டும் இயலாது.

இன்று நம் பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே நிரல் எழுதக் கற்கின்றனர். ‘கணினிதான் ஏற்றுக்கொள்கிறதே, நான் ஏன் இடம் விட்டு எழுதவேண்டும்?’ என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். விதி என்பதால் எழுது என்று கூறுவது எளிது. ஆனால் அஃது அவனுக்கு நிறைவளிக்காது. நீ எழுதியதைப் பொறி ஒரு நொடியில் படித்துவிடும், மனிதர் பல்லாண்டு படிக்கவேண்டும் என்று கூறி, ஒரு வரி இருமுறை வந்ததால் விளைந்த கேட்டையும் எடுத்துரைத்தால், அவன் இடம் விடுவதோடு நில்லாமல் ஏன் விடுகிறோம் என்பதையும் அறிவான்.